மாட்டுக் கழுத்தில் கிடந்த ஊஞ்சல் சங்கிலி

என் மருதாயி அக்காவுக்கு,

அன்றைக்கு ஊஞ்சலடியில் இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். முத்தம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டு யாரும் நிம்மதியாக இருக்கக் கூடாது பார்.

பெரிய கங்காணி சின்னக்கண்ணு இருந்தார், தலையில் சரிகைத் துண்டோடு. ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுத வந்த கிராணி பொன்னையா இருந்தார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் தேவசகாயம் இருந்தார். லயத்து வீடுகளின் வாசல் பெருக்கும் பாப்பாத்தி இருந்தாள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் இருந்தாள். அவளுடைய கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ, பால்வெட்டுக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையின் வாசலில் நின்றாய். என் பேத்தி செல்லம்மாள் பழைய ஊஞ்சல் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரட்டையில் மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். நான் பால் வாளியை இறக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் செல்லம்மாளின் அப்பன், என் மகன், வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவு பேர்தான். எல்லாருக்கும் கண் இருந்தது. நல்ல மத்தியான வெயில்.

மகன் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேனே என்று பார்க்கிறாயா அக்கா? அந்தப் பெயர் என் வாயில் வந்து வருஷங்கள் ஆகின்றன. லயத்தில் மற்றவர்கள் இன்னும் அவன் பெயரோடு அம்மாவைச் சேர்த்துத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். தலைப்பிள்ளை பெயரைச் சொல்லித் தாயைக் கூப்பிடுவதுதானே நம் வழக்கம். கூப்பிடட்டும், நான் திரும்புவதில்லை. நீ ஒருத்திதான் என்னை முத்தம்மா என்பாய். நீ போன பிறகு அந்தப் பெயருக்கும் ஆளில்லை. அவன் பெயரை இந்தக் கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு தடவை எழுதுவேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நீ கொட்டகைத் தரையில் அடுப்புக்கரியால் எழுதிக் காட்டிய எழுத்துதான் இது. கோணலாகத்தான் வருகிறது. செல்லம்மாள் நல்ல தாளில் எடுத்து எழுதித் தருகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, புது ஊஞ்சல் கட்டி முடித்த இடத்தில், எல்லாரையும் நிற்கவைத்து அவளே வாசிப்பாள்.

ஆமாம் அக்கா. புது ஊஞ்சல். கட்டிவிட்டோம்.

உனக்குத் தெரியும் அந்த இடம். ரயில் ரோடு போட்ட புதிதில் நாம் இங்கே வந்தோமே, அப்போது இருந்த முதல் துரையின் பெண்சாதி கட்டிக்கொடுத்தது. பிள்ளையில்லாத வெள்ளைக்காரி. விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில், சேனா மரத்தடியில், ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்குப் பலகை, மலாய்க்காரர்கள் ஜொங்காங் என்பார்களே, இரண்டு பக்கமும் பிள்ளைகள் உட்கார்ந்து ஏறி இறங்குகிற பலகை, அது ஒன்று. ஊஞ்சலுக்கு நல்ல இரும்புச் சங்கிலி போட்டிருந்தாள். என் மகன் அதில் ஆடித்தான் வளர்ந்தான். நான் பால்வெட்டுக்குப் போன காலமெல்லாம் அவன் உன் மடியில் கிடந்தான். நீதான் ஆட்டிவிட்டாய். அவன் மகளையும், தாயைப் பிரசவத்தில் பறிகொடுத்த பிள்ளையையும், நீதான் ஆட்டிவிட்டாய்.

பிறகு வெள்ளைக்காரி போய்விட்டாள். மழை பெய்தது, வெயில் அடித்தது, யாரும் ஒரு ஆணி அடிக்கவில்லை. சறுக்குப் பலகை உளுத்தது. ஜொங்காங் ஒடிந்து அடுப்புக்குப் போனது. சங்கிலியைத் துருப்போக்கி மாட்டுகிறேன் என்று பெரிய கங்காணி கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் அது அவருடைய செவலை மாட்டின் கழுத்தில் கிடந்தது. தோட்டமே பார்த்தது. நீ மட்டும்தான் பெரட்டுக் களத்தில் வாய் திறந்து கேட்டாய்.

"கங்காணியாரே, சங்கிலிதான் போச்சு. தூணக் கரையான் தின்னுது. புள்ளைங்க தலையில விழுந்துரும்."

"ஒன் தலையில விழுந்தா தோட்டத்துக்கு ஒரு சம்பளம் மிச்சம்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேறு ஒரு நாள் இருக்கிறது.

கீழே கிடந்த ஊஞ்சல் பலகையை நீ எடுத்துக் கொட்டகைக்குள் போட்டாய். தூணைச் சுற்றி முள் வெட்டிப் போட்டாய். அன்றைக்கு அந்த முள்ளை ஒதுக்கியது யார்? கங்காணிதான். ஏன்? மரத்தடி நிழலில் மாட்டைக் கட்டத் தூண் வேண்டியிருந்தது. அதே சங்கிலியால் கட்டினார். முள் இல்லை என்றதும் செல்லம்மாள் சிரட்டையை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். நீ குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "ஏ புள்ள, எந்திரிச்சு வா" என்று கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தாய். அந்த நேரம் பால் நிறுக்கும் மணி அடித்தார்கள். மாடு மிரண்டது. ஒரே இழுப்பு.

நீ கைக்குழந்தையை அந்தோணியம்மாள் கையில் திணித்துவிட்டு ஓடியதை நான் பார்த்தேன். அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டம். செல்லம்மாளை நீ பிடித்துத் தள்ளியதால் மேல்விட்டம் அவள் தலையில் விழவில்லை. காலில் விழுந்தது. மறுமுனை உன் தோளில் விழுந்தது. ஊரே பிள்ளையைப் பார்த்தது. கங்காணி மாட்டைப் பார்த்தார். நாங்கள் மரத்தைத் தூக்குவதற்குள் சங்கிலியை அவிழ்த்து மாட்டை அந்தப் பக்கம் ஓட்டிவிட்டார்.

நான் பேத்தியை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு சிகாமட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு கூடும்வரை அங்கேயே கிடந்தேன். அதனால்தான் ஆபீஸ் வராந்தாவில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு எங்காவது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்தோணியம்மாள் தெருவில் நின்று கேட்டதைச் சொன்னாள். துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். கிராணி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாராம். நீ தோளில் கட்டோடு கீழே நின்றாயாம். "ஆயா வெத்தலையப் போட்டுட்டுத் தூங்கிட்டா தொரை. தூணு தானா விழுந்துச்சு" என்று கங்காணி சொன்னார். மாடு என்ற பேச்சே வரவில்லை. கிராணி பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரஸ்ஸர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தோணியம்மாள் குழந்தை அழுகிறது என்று, காதில் விழுகிற தூரத்துக்குத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அதையும் அவளே என்னிடம் சொன்னாள், அழுதுகொண்டு.

துரைக்குச் சந்தேகம் போலிருக்கிறது. "புள்ளையோட அப்பன் யாரு? அவனக் கூப்பிடு" என்று கிராணி வழியாகச் சொல்லியிருக்கிறார்.

என் மகன் போய் நின்றான். கங்காணி கேட்டார்: "நீ பாத்தல்ல? ஆயா என்ன பண்ணிக்கிட்டு இருந்திச்சு?"

"தூங்கிக்கிட்டு இருந்திச்சுங்க."

அவ்வளவுதான் அக்கா. அந்த ஒரு வார்த்தை. நீ அவன் முகத்தைப் பார்த்தாயாம். "எங்கயோ கெடந்த நாயி, இதுகிட்டப் புள்ளைய விட்டோமே" என்று கங்காணி உன்னைத் திட்டியபோதுகூட அவனையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். அப்போது என்ன நினைத்தாய்? அவன் சின்ன வயதில் அம்மை போட்டுக் கிடந்தபோது வேப்பிலையால் வீசிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாயே, அதை நினைத்தாயா? இல்லை, இவன் பொய் சொன்னால் பிழைத்துக்கொள்வான், சொல்லட்டும் என்று விட்டாயா? அப்படி விட்டிருந்தால் அது உன் மனசு. என் மனசு அப்படியில்லை.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கொட்டகையில் வேறொருத்தி இருந்தாள். உன் பாய் இருந்தது. நீ இல்லை. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த நேரம். வேலையிலிருந்து துரத்தப்பட்ட கிழவிக்கு எந்தத் தோட்டம் இடம் கொடுக்கும்? பெக்கோக் பக்கம் ஒரு சீனன் தோட்டத்தில் புல் பிடுங்கிக்கொண்டு ஓரமாகக் கிடந்தாய் என்று கேள்விப்பட்டு ஓடி வந்தேன். காய்ச்சலில் போய்விட்டாள் என்று மண்மேட்டைக் காட்டினார்கள். அந்த மேட்டின்மேல் உட்கார்ந்து நான் அழவில்லை அக்கா. எந்தத் தோட்டத்தில் உன்னைத் தூங்கினவள் என்றார்களோ, அதே தோட்டத்தில் நீ தூங்கவில்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தேனா, காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும்.

நடுவில் சும்மா இருக்கவில்லை. டிரஸ்ஸர் கையால் ஒரு சொட்டு மருந்து குடிக்கவில்லை. மலைக் காய்ச்சல் வந்தபோதும் நிலவேம்புதான். பாப்பாத்தி வீட்டுக் கல்யாணத்தில் கை நனைக்கவில்லை. கிராணி வணக்கம் வைத்தால் அவருக்குப் பின்னால் இருக்கிற மரத்துக்கு வணக்கம் வைப்பேன். அந்தப் பொய் சொன்ன மறுமாசமே மகன் ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஆனான். அவன் சம்பளத்தில் வாங்கின அரிசி ஒரு மணி என் தொண்டையில் இறங்கவில்லை. செல்லம்மாளை என் பக்கம் இழுத்துக்கொண்டு வேறு அடுப்பு வைத்துவிட்டேன்.

விலை கொஞ்சம் ஏறியது. புதுக் குடும்பங்கள் வந்தன, பிள்ளைகள் பெருகின. விளையாட இடமில்லை. ஒன்று ரப்பர் காயவைக்கும் புகைவீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டு மூச்சுமுட்டிக் கிடந்தது. இன்னொன்றைக் கால்வாயிலிருந்து தலைமயிரைப் பிடித்துத் தூக்கினோம். அன்று சாயங்காலம் குழாயடியில் பேச்சு ஆரம்பித்தது.

"அலமாக், என் வீட்டுக்குள்ள ஊர்ப் புள்ளைங்க பூராவும் குதிக்குது. சட்டிபானை ஒண்ணு முழுசா இல்ல" என்றாள் அந்தோணியம்மாள். "அந்தப் பழைய எடத்தயே திருப்பிக் கட்டுனா என்ன?"

"கட்டலாம். மொதல்ல மாட்ட அவுக்கணும்" என்றேன்.

எல்லாரும் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். அந்த இடம் முழுக்க இப்போது கங்காணியின் மாடுகள்தான். விழுந்த தூண் விழுந்த இடத்திலேயே மக்கிக் கிடந்தது. ஆனாலும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போய்க் கேட்டோம். கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"ஒங்களுக்கு வெசயமே தெரியாதா? சேனா மரத்துல முனி எறங்கியிருக்கு. எங் கனவுல வந்து சொல்லிச்சு. புள்ளைங்க காலு பட்டா ரத்தம் கக்கும்."

மறுநாளே மரத்தடியில் ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு அடித்து, சூலம் ஒன்றைக் குத்திவைத்துவிட்டார். நம் ஆட்களைப் பற்றி அவருக்குத் தெரியாதா? கல்லைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. மாடுகள் மட்டும் அங்கேயே கிடந்தன.

"முனிக்கு மாடு ஆவுமாம், புள்ள ஆவாதாம்" என்றாள் அந்தோணியம்மாள்.

"நீ வேதக்காரி, ஒனக்கு என்ன தெரியும்?" என்று பாப்பாத்தி சண்டைக்குப் போனாள்.

எனக்கு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது அக்கா. நீ போன பிறகு முதல் சிரிப்பு. இந்த மனிதர் தன் கையாலேயே ஒரு சாமியை நட்டுக்கொண்டாரே! துரையை மீறலாம், சட்டத்தை மீறலாம். தானே நட்ட சாமியை எப்படி மீறுவார்?

முனிக்குப் படையல் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார். புதிதாக வந்திருந்த துரைக்குத் தன் செல்வாக்கைக் காட்ட வேண்டும் என்று அவரையும் கூப்பிட்டு, நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஆட்டுக் கறி, சாராயம், சுருட்டு, பெரிய மாலை. உடுக்கை அடித்தார்கள். உச்சி வெயில்.

முனி ஆண்பிள்ளை மேல்தான் இறங்கும் என்று கங்காணி சொல்லியிருந்தார். அன்றைக்கு வழி தவறி என்மேல் வந்துவிட்டது.

நான் எப்படி ஆடினேன் என்று எனக்குத் தெரியாது. கொண்டை அவிழ்ந்துவிட்டது என்று செல்லம்மாள் சொன்னாள். ஆனால் பேசியது ஒவ்வொன்றும் எல்லாருக்கும் மனப்பாடம். இன்றைக்கும் கள்ளுக்கடையில் நடித்துக் காட்டுகிறார்களாம்.

"யார்ரா இங்க மாடு கட்றது?"

கங்காணிதான் கற்பூரத் தட்டோடு முன்னால் நின்றார். "நாந்தான் சாமி. வாயில்லா ஜீவன்..."

"எனக்குப் புள்ளைங்க ஆவாதுன்னு சொன்னது யார்ரா? நான் சொன்னேனா?"

"இல்ல சாமி."

"சுருட்டக் குடுறா."

கொடுத்தார். பற்றவைத்தும் விட்டார். புகையை அவர் முகத்தில் ஊதினேனாம்.

"வெள்ளக்காரி எம் புள்ளைங்களுக்கு மாட்டுன சங்கிலி எங்கடா?"

"எந்தச் சங்கிலி சாமி?"

"செவலை கழுத்துல கெடக்கே, அது! போயி அவுறா. தோள்ல போட்டுக்கிட்டு லயத்தச் சுத்திக் கொண்டாடா!"

போனார் அக்கா. பெரிய கங்காணி சின்னக்கண்ணு போனார். சரிகைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாட்டின் கழுத்திலிருந்து சங்கிலியை அவிழ்த்தார். சாணியும் சேறுமாக அதை வெள்ளைச் சட்டைமேல் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலாக நடந்தார். சங்கிலி கலகலவென்று சத்தம் போட்டது. கர்ப்பிணிப் பெண்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் அவருக்குச் 'சங்கிலிக் கங்காணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேரன் பேத்தி எடுத்தாலும் அந்தப் பெயர் போகாது. நான் போகவும் விடமாட்டேன்.

திரும்பி வந்து சங்கிலியைக் கல்லின் முன்னால் வைத்தார். நான் இன்னும் அடங்கவில்லை.

"அன்னைக்கித் தூணு ஏன்டா விழுந்துச்சு?"

உடுக்கைக்காரன் கையை நிறுத்திவிட்டான்.

"ஏன்டா விழுந்துச்சு!"

"மாடு... மாடு இழுத்துச்சு சாமி."

"யாரு மாடு?"

"ஏம் மாடு சாமி."

"ஆயா தூங்குனாளாடா?"

"இல்ல சாமி."

"சத்தமாச் சொல்றா, பெக்கோக் வரைக்கும் கேக்கட்டும்!"

"தூங்கல சாமி! மருதாயி தூங்கல!"

கேட்டதா அக்கா? உனக்குக் கேட்டதா?

துரை என்ன பேச்சு இது என்று கிராணியைக் கேட்டார். கிராணி நெளிந்தார். அந்தோணியம்மாள் விடவில்லை. "சொல்லுங்க கிராணி. சாமிக்கு இங்கிலீஷ் தெரியாதுல்ல, ஒங்கள எதுக்கு வச்சிருக்கு?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள். கிராணி கடைசியில் சொன்னார். அவர் எல்லாவற்றையும் சொன்னாரா, பாதியை விழுங்கினாரா, எனக்குத் தெரியாது. ஆனால் துரை எழுந்து போய் மக்கிக் கிடந்த தூணைத் தன் பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்தார். அது தவிடாக உதிர்ந்தது. மாடுகள் இனி இங்கே வரக் கூடாது, ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டியதைக் கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஆடியது முனியா, நானேதானா என்று லயத்தில் இன்னும் கேட்கிறார்கள். நீயும் கேட்பாய். இது எல்லாரும் கேட்கிற கடிதம் அக்கா. நேரில் வரும்போது உன் காதில் மட்டும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு வேலை நடந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கள்ளுக்கடை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் காலியாகக் கிடந்தது என்றால் நம்புவாயா? பெண்கள் லாலான் புல்லை வேரோடு பிடுங்கினோம். பிள்ளைகள் ஆற்றிலிருந்து மணல் சுமந்தார்கள். தூணுக்கு மரம் கேட்டு மலாய்க்காரர்களின் கம்பத்துக்குப் போனபோது பாக் சமாட், நம்மிடம் வெற்றிலை வாங்க வருவாரே அந்தக் கிழவர், வீட்டுக்கு உத்திரம் போட என்று வைத்திருந்த செங்கால் மரத்தைக் காட்டி, "புடாக்-புடாக்குக்கா? அம்பில் லா", பிள்ளைகளுக்கா, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் பேரப்பிள்ளைகளும் வந்து ஆட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. கிராணி ஆபீஸிலிருந்து ஆணி கொண்டுவந்து கொடுத்தார். டிரஸ்ஸர் கையில் முள் ஏறினவர்களுக்கெல்லாம் மருந்து போட்டார். நானும் கையை நீட்டினேன். பாப்பாத்தி எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினாள்; நானும் குடித்தேன். பயந்துபோய் வாய் திறக்காமல் நின்றவர்கள் இவர்கள். அவர்கள் கணக்கை முடித்துவிட்டேன். கங்காணி கணக்கு அவர் சட்டையில் சாணியோடு முடிந்தது.

என் மகனும் வந்தான்.

உண்மையை எழுத வேண்டுமே. எல்லாரையும்விட அவன்தான் உழைத்தான். வாய்ச்சியை எடுத்துக்கொண்டு விட்டத்தைத் தனியாக உட்கார்ந்து செதுக்கினான். மற்றவர்கள் சாப்பிடப் போனால் அவன் போகவில்லை. சிலாம்பு குத்தாமலிருக்கப் பலகையைச் சிரட்டைத் துண்டால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினான். சங்கிலியைப் புளி போட்டுத் துலக்கினான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

தூண் நட்ட அன்று என் முன்னால் வந்து நின்றான். கையெல்லாம் கொப்புளம்.

"அம்மா, பேசும்மா."

நான் தூணைப் பார்த்துப் பேசினேன். "ஏ தூணே, நீயாச்சும் நேரா நில்லு."

"கப்பல் ஏத்திருவாங்கன்னு பயந்துட்டேம்மா. ஆஸ்பத்திரில புள்ள, வீட்ல ஒண்ணுமில்ல. கங்காணி சொன்னாரு, நீ சொல்லலன்னா மூணு பேரையும் நாளைக்கே அனுப்பிருவேன்னு."

"தூணே, பயந்தவன் சும்மா நிக்கலாம். தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கலாம். தெரியாதுங்கன்னு சொல்லலாம். இந்த ஊரே அப்பிடித்தான் நின்னுச்சு. வாயத் தொறந்து தூங்குனான்னு சொன்னது ஒருத்தன்தான்."

அவன் அழுதான். செல்லம்மாள் காலை இழுத்துக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவன் அப்பன். அது அவள் உரிமை.

அந்தோணியம்மாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "மன்னிச்சிரு அக்கா. பெத்த புள்ள. கர்த்தரே மன்னிக்கிறாரு."

"மன்னிக்கட்டும். அவரு தோள்ல விட்டம் விழல, அவரு சீனன் தோட்டத்துல புல்லுப் புடுங்கிச் சாவல" என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது பிள்ளைகள் அதற்கு மருதாயி ஊஞ்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. படையல் அன்று கங்காணி கத்தினாரே, அதைக் கேட்டு அவர்களாக வைத்தது. "மருதாயிக்குப் போலாம்டி" என்கிறார்கள். யார் தூங்கினவள் என்று உன்னைத் துரத்தினார்களோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் விடிந்தால் உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு ஓடுகின்றன. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஒன்று வேண்டும்.

அக்கா, இது நான் உனக்குச் செய்து தருகிற சத்தியம். நிற்கிறவர்கள் எல்லாரும் சாட்சி. நான் உயிரோடு இருக்கும்வரை அந்தத் தூணில் யாரும் ஒரு கன்றுக்குட்டியைக்கூடக் கட்ட முடியாது. மார்கழிக்கு மார்கழி அந்த விட்டத்தை நானே ஏறித் தட்டிப் பார்ப்பேன், கரையான் ஏறியிருக்கிறதா என்று. நான் செத்தால் என் கொள்ளிச்சட்டியை மகன் தூக்கக் கூடாது. பெண்பிள்ளை தூக்கலாமா என்று யாராவது கேட்டால், நீ ஓடிப்போய்க் காப்பாற்றிய செல்லம்மாள் அந்தக் காலால் எனக்கு முன்னால் நடப்பாள் என்று சொல்லுங்கள். நொண்டி நொண்டி நடக்கட்டும். மெதுவாகப் போனால் போதும், எனக்கு அவசரமில்லை. பெரட்டுக் களத்தைச் சுற்றிக்கொண்டு ஊஞ்சல் வழியாகத்தான் என்னைத் தூக்கிப் போக வேண்டும்.

செல்லம்மா, இதுவரை வாசித்தது போதும். தாளை என்னிடம் கொடு. பெத்த அப்பன் பெயரை இந்த இடத்தில் நீ வாசிக்க வேண்டாம். போய் ஊஞ்சலில் உட்கார். இன்றைக்கு நீதான் முதலில் ஆட வேண்டும். அப்பன் ஆட்டிவிட்டால் ஆட்டிவிடட்டும், நான் தடுக்கமாட்டேன்.

மற்றதை நானே வாசிக்கிறேன்.

மருதாயி அக்கா, அன்றைக்கு அங்கே இருந்த எல்லாரையும் விட்டுவிட்டேன். மாட்டைக்கூட விட்டுவிட்டேன். என் வயிற்றில் பிறந்து உன் மடியில் வளர்ந்து, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னவனை மட்டும் விடமாட்டேன். இங்கேயும் விடமாட்டேன், அங்கே வந்தும் விடமாட்டேன். நீ மன்னித்துவிட்டேன் என்று சொன்னாலும் கேட்கமாட்டேன்.

அவன் பெயர் வேலாயுதம்.

உன்னோடு கூடப் பிறக்காத தங்கச்சி,
முத்தம்மா